கூப்பாடு சாரின் பக்கத்து அறை

தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைத் தூக்கிவாரிப் போட வைத்தவர் என்று யாருக்காவது பட்டம் கொடுப்பதானால், தியாகராய நகரில் எங்கள் லாட்ஜ் மாடியில் இருந்த கூப்பாடு சாருக்குத்தான் கொடுக்க வேண்டும். நான் அவருக்குப் பக்கத்து அறை. நடுவே சுண்ணாம்பு அடித்த ஒரு பலகைதான் சுவர். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு நரைத்த முடிகளுக்கெல்லாம் அவரே பொறுப்பு.

பகலில் அவர் ஒரு சாதுவான குமாஸ்தா. மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூடக் கூச்சப்படுவார். ஆனால் உள்ளே ஒரு வெறி. பழைய காலத்துப் படைகள் எதிரி மேல் பாயும்போது என்ன சத்தம் போட்டன என்று கண்டுபிடித்தே தீர வேண்டும்.

“ராஜா பேரைக் கல்லுல வெட்டி வெச்சிருக்கான், யானை பேரைக்கூட வெட்டி வெச்சிருக்கான். அத்தனை ஆயிரம் பேர் தொண்டை கிழியக் கத்தினதை ஒருத்தனும் வெட்டி வெக்கலையே சார்!” என்று கண் கலங்குவார்.

கல்லில் கிடைக்காததைத் தொண்டையில் தேடினார். “நின்னுகிட்டு கத்தினா அது மேடைப் பேச்சு. வீரன் ஓடிக்கிட்டேதான் கத்துவான்” என்று மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறிவந்து கத்துவார். தலைக்கவசம் போட்டால் குரல் எப்படி மாறும் என்று பார்க்க அலுமினியக் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கத்துவார். சரியான முழக்கத்துக்கு அவரிடம் ஒரே சோதனைதான். கேட்கிறவனுக்கு அடிவயிறு கலங்க வேண்டும். அந்தக் கேட்கிறவன் நான்.

“எப்படி சார், கலங்கிச்சா?”

“கலங்கிடுச்சு சார், போதும்.”

“இல்லியே, முகத்துல இன்னும் ரத்தம் இருக்கே!”

ஒருநாள் மயிலாப்பூருக்குப் போய்க் கோயில் யானையின் எதிரில் நின்று ஒரு முழக்கம் விட்டார். தேங்காய்க் கடைக்காரர்கள் சிதறி ஓடினார்கள். யானை மட்டும் நிதானமாகத் தும்பிக்கையை அவர் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்தது. “அதுக்கும் மறந்துபோச்சு சார்” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

வாசலில் எருமை கறக்கும் பால்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னா சார் உன் ஆளு, இப்டி கத்திக்கினு கீறாரு? எரும பயந்துகினு பாலே எறக்க மாட்டேங்குது. நாளையிலேந்து தண்ணிதான் ஊத்துவேன்.” அப்படியானால் நேற்றுவரை என்ன ஊற்றினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் ஏது?

விஷயம் லாட்ஜ் முதலாளி காதுக்குப் போயிற்று. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், ஜவுளிக்கடைக்காரர். “இன்னொரு மட்டம் சத்தம் கேட்டுச்சுன்னா உம்ம பெட்டி தெருவுலதான் கெடக்கும், பாத்துக்கிடும்!” என்று சொல்லிவிட்டார். கூப்பாடு சார் ஏற்கெனவே மாம்பலத்தில் நாலு இடத்தில் துரத்தப்பட்டவர். இதுவும் போனால் அவருக்குப் பட்டணத்தில் தலைசாய்க்க இடம் கிடையாது. மனுஷர் வாயை மூடினார். எனக்கு அது இன்னும் பயங்கரம். எப்போது வெடிக்குமோ என்று பலகையைப் பார்த்தபடியே கிடந்தேன்.

அப்போதுதான் போர் வந்தது. எதிரிக் கப்பல் கடலுக்குள் நிற்கிறது என்று ஊரெல்லாம் வதந்தி. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அபாயச் சங்கு அலறியது. எல்லா விளக்கும் அணைந்தன. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோமா என்று பார்க்க வந்த முதலாளி உட்பட எல்லோரும் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கினோம். என் பல் கிட்டியது. முதலாளி “முருகா, முருகா” என்றார்.

தலைக்கு மேல் ‘டமார்’ என்று ஒரு சத்தம்.

குண்டு விழுந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த இருட்டில் கூப்பாடு சாரின் குரல் மெல்லிசாகக் கிளம்பியது. “ஓ...”

ஐயோ, பெட்டி போச்சே என்று பதறினேன். ஆனால் என் வாயும் தானாகத் திறந்துகொண்டது. பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். படிக்கட்டே அதிரும்படி “ஓஓஓ!” என்று எழும்பியது. எல்லோருக்கும் மேலே கேட்ட குரல் முதலாளியுடையது. சங்கு எப்போது நின்றது என்றே தெரியாது.

விளக்கு வந்தது. படியில் உருண்டு வந்து கிடந்தது அலுமினியக் குண்டான். வாசலில் பால்காரர், “எரும கயித்த அறுத்துக்கினு ஓடிடுச்சுப்பா!” என்று அலறிக்கொண்டிருந்தார்.

கூப்பாடு சார் என் கையைப் பிடித்தபடி அழுதார். “கிடைச்சிடுச்சு சார். எதிரியைப் பயமுறுத்தற சத்தம்னு தப்பாத் தேடிட்டேன். பயந்துபோனவன், பக்கத்துல ஆள் இருக்கான்னு தெரிஞ்சுக்கப் போடற சத்தம் சார் இது. ஒத்தையாக் கத்தினா எப்படி வரும்?”

அவர் கை ஐஸாக இருந்தது. எங்கள் எல்லோரையும்விட அதிகம் பயந்திருந்தது அவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பெட்டி இருந்த எடத்துலயே இருக்கட்டும்வே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு கூப்பாடு சார் கத்தவே இல்லை. சில மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எனக்கு இந்த வயதிலும் பயம் போகவில்லை. மருத்துவமனையில் என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோதுகூட, நர்ஸுக்குக் கேட்காமல் மெல்ல “ஓ” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய லாட்ஜ் பலகைக்கு மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று காத்திருந்தேன்.