மாமனாருக்குச் சுற்றிய பூசணிக்காய்

நான் வாயால் கெட்டவன். கையால் கெட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் வாயால் கெட்டதைச் சரிசெய்யப் போன இடத்தில்.

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு இருபத்தெட்டு வயது. நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் நாலு ஏக்கரையும் எழுதிக் கொடுத்துவிடுவேன். இலையில் ரசம் விழுந்ததும், "எங்கூட்டு ரசம் இன்னும் தண்ணியா இருக்குமுங்க. மோட்டாரே வேண்டாம், ரெண்டு வயலு பாயும்" என்றேன். பந்தியே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள், ரச வாளியோடு எதிரே நின்றிருந்த என் மனைவி ருக்மணி.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். (பொங்கல் வரை மூன்று மாதமும் நான் என்ன தின்றேன் என்று கேட்காதீர்கள். தண்ணி ரசம் கனவில் வந்தது.) இரண்டு முறை அழைக்கப் போனேன். இரண்டு முறையும் மாமனார் மோர் கொடுத்து, பஸ் நேரம் சொல்லி அனுப்பிவைத்தார்.

பொங்கலுக்கு முன் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "மாட்டுப் பொங்கலன்று எல்லோரும் வருகிறோம். வந்து பார்த்துவிட்டு, பெண்ணை விட்டுவருவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்." அதன் அடியில் பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி என் மகளின் எழுத்து: "அப்பா முயல் பூசணி செய்யணும்."

அது முந்தைய வருடப் பொங்கல் மலரில் வந்த கதை. காட்டில் பொங்கல். புலி விருந்துக்கு வருகிறது. யாரையும் கொல்லாமல் எப்படி விருந்து வைப்பது? முயல் ஒரு பூசணியின் தலையைச் சீவி, குடைந்து, உள்ளே அரிசியும் அவரையும் கடலையும் திணித்துத் தணலில் சுடுகிறது. மூடியின் மேல் மின்மினி உட்கார்ந்து வெளிச்சம் காட்ட, புலியை மூன்று சுற்றுச் சுற்றிப் பரிமாறுகிறது. புலி சாப்பிட்டு நல்ல புலியாகிறது. மகளுக்கு அதை ஐம்பது தடவையாவது படித்துக் காட்டியிருப்பேன்.

எனக்குத் தோன்றியது: புலி வருகிறது, பழநிக்கு மாலை போட்டிருப்பதால் கறி தின்னாது, மகள் கேட்டிருக்கிறாள், மனைவியின் சமையலைப் பழித்த வாய்க்கு இந்தக் கையே பரிகாரம் செய்யட்டும்! என் வாழ்க்கையில் எனக்கு வந்த நல்ல யோசனைகளில் இதுதான் ஆகக் கேவலமானது.

கதைக்குப் போட்ட படத்தில் இருந்தது குண்டாக ஓர் அரசாணிக்காய், அதாவது மஞ்சள் பூசணி. பொங்கல் கூட்டுக்கு ஊரே வாங்கிப் போனதில் கொல்லங்கோடு வரை தேடியும் ஒன்றுகூட இல்லை. மாட்டுக் கொட்டகைக் கூரையில் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி ஒன்று கிடந்தது. எல்லாம் ஒரே கொடி சாதிதானே என்று இறக்கினேன். அது தணலில் வைத்தால் தண்ணீராகிவிடுமே என்று பலகாரக் கடைக் குட்டன் நாயரிடம் கேட்டேன்.

"சுண்ணாம்பு வெள்ளத்தில் இட்டு வெய்யி மோனே. பின்னே கல்லு போலெ நிக்கும்" என்றார். நன்றாகக் கழுவு என்றும் சொன்னார். அதைத்தான் நான் காதில் வாங்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை, இரவே தலை சீவி, குடைந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்த பூசணியின் உள்ளே உப்பும் மஞ்சளும் தாராளமாகத் தேய்த்தேன். கண்ணெதிரே அது ரத்தமாகச் சிவந்தது. பிறந்ததிலிருந்து எத்தனை ஆரத்தி பார்த்தவன்! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பயத்தில் இருப்பவனுக்குத் தெரிந்ததெல்லாம் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிவிடும். அரிசியைத் திணித்தேன். அரிசியும் சிவந்தது. தணலில் தள்ளிவிட்டு, கைகளைப் பார்த்தேன். கொலைகாரன் கை.

நடுப்பகலில் வந்தார்கள். ருக்மணியின் டிரங்குப் பெட்டியை மாமனார் வாசற்படியிலேயே வைத்தார். "இங்கயே இருக்கட்டும். உள்ள வருதா, திரும்புதான்னு பொறவு பாக்கலாம்" என்றார். என் குடும்பம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அவர் கதவோரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் பக்கத்தில் நின்றார். மகள் தாத்தா மடியில். ருக்மணி சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே செஞ்சீங்களா?" என்றாள். குரலில் கொஞ்சம் ஈரம் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மின்மினிக்கு எங்கே போவது? சாமி மாடத்திலிருந்து கற்பூரக் கட்டியை எடுத்து மூடிமேல் வைத்துக் கொளுத்தினேன்.

"மூணு சுத்து, அப்பா! முயலு மூணு சுத்துமல்ல!" என்று மகள் கை தட்டினாள்.

சுற்றினேன். வெள்ளைப் பூசணி, சீவிய தலை, உள்ளே சிவப்பு, மேலே எரியும் கற்பூரம். மாலை போட்ட மனிதரை, அதை ஏந்திக்கொண்டு, மூன்று சுற்று.

இரண்டாம் சுற்றிலேயே மாமியாரின் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க மாப்பிள்ள, ஆரு கண்ணு பட்டுதுன்னு சுத்தறீங்க? நாங்க என்ன பீடைங்களா, சுத்திப் போட்டு ஓட்டறதுக்கு?"

"இல்லீங்க அத்தை, இது முயலு செஞ்சது..." என்றேன். (அந்த நேரத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய ஆக முட்டாள்தனமான வாக்கியம் அதுதான்.)

பதறித் திரும்பினேன். குட்டன் நாயரின் கல் அந்த நொடியில் கூழானது. அடிப்பக்கம் விட்டு, பூசணி வாசற்படியில், சரியாக டிரங்குப் பெட்டியின் மேல் விழுந்து உடைந்தது. திருஷ்டி கழிப்பவன்கூட அவ்வளவு குறி பார்த்து உடைத்ததில்லை. மாமனாரின் பச்சை வேட்டியெல்லாம் சிவப்பு.

அவர் கத்தவில்லை. எழுந்தார். "அம்மிணி, பொறப்படு" என்றார். மகள் அழுதாள். நான் ருக்மணியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"என்ற சமையலச் சொல்லி ஊரே சிரிக்க வெச்சீங்க. நாயப்படி இப்ப நான் சிரிக்கோணும். சிரிப்பு வரலீங்க."

பெட்டி போய்விட்டது.

வைகாசிக் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்கும்போது அவளாகவே வந்தாள். மகளைச் சேர்க்கணும் என்று ஊருக்குச் சொன்னாள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமனார் அதன்பின் ஆறு வருடம் இருந்தார். என் வாசலை மிதிக்கவே இல்லை. நான் போனால் மோர் கொடுப்பார், பஸ் நேரம் சொல்வார்.

இப்போது மகளுக்கே குழந்தைகள். பொங்கல்தோறும் பேத்தி ஒரு தேங்காயைத் தூக்கிக்கொண்டு என்னை மூன்று சுற்றுச் சுற்ற, வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. சிவப்புக் கறை போகாத அந்தப் பெட்டி பரணில் இருக்கிறது. ருக்மணி மட்டும் சிரிப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றி நான் வாய் திறந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அவள் மாதத்துக்கு ஒரு நாள் ரசத்தில் உப்பே போடுவதில்லை. மறதி இல்லை. ஊற்றிவிட்டு, எதிரே நின்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் இரண்டாம் முறையும் ஊற்றச் சொல்லி தட்டை நீட்டுவேன்.