லேபிள் இல்லாத கஞ்சி

குழந்தைகளுக்குப் பசிக்கும் என்பதை அரசாங்கம் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் தலைநகரின் லோதி ரோட்டில் எங்கள் அலுவலகத்தின் தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் செக்‌ஷன் ஃபெபிக்கு நாகர்கோவில் பக்கம். எட்டு மாதப் பிள்ளை சைமனைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் மாடியேறுவாள். ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயைச் சீவி, பால்கனியில் காயவைத்துப் பொடித்து, கருப்பட்டித் தூள் கலந்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவருவாள். ஆயா கம்லா அதைக் காய்ச்சி ஊட்டுவாள். டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே பயல் கை தட்டுவான்.

இந்த ஆனந்தம் துணைச் செயலாளர் ராமமூர்த்தியின் கண்ணில் பட்டது. காப்பகத்தைப் பார்வையிட வந்தவர் டப்பாவை உருட்டி உருட்டிப் பார்த்தார். ஃபெபியைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னம்மா இது? லேபிளே இல்லையே! தயாரிப்பாளர் யாரு?"

"நாந்தான் சார்."

"தயாரிப்பு உரிமம் இருக்கா?"

"கல்யாணச் சர்டிபிகேட் இருக்கு சார்."

"காலாவதி ஆறது எப்போ?"

"அதுவரைக்கும் எங்க சார் மிஞ்சுது? பிள்ளைக்குப் பசிக்கும்லா!"

ராமமூர்த்தி நல்ல மனிதர். குழந்தையின் உயிரோடு விளையாட அவருக்கு மனமில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: பச்சிளம் பயனாளிகளின் பாதுகாப்பை முன்னிட்டு, லேபிள் ஒட்டாத எந்த உணவும் காப்பகத்தினுள் அனுமதிக்கப்படமாட்டாது.

மறுநாளிலிருந்து கடை டப்பா மாவு. சைமன் ஒரு வாய் வாங்கினான், கம்லாவின் துப்பட்டாவிலேயே திருப்பிக் கொடுத்தான். பிறகு ஒரே அழுகை. இரண்டாவது மாடியில் குழந்தைகள் நலன் பற்றிய கூட்டத்தில் பேச்சே கேட்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். பிள்ளை வாடிப்போனான். ஃபெபி ஓடி ஓடிக் கீழே போனதால், இருக்கையில் இருப்பதில்லை என்று அவளுக்கு மெமோ வேறு கொடுத்தார்கள். பாவி மகள் ராஜினாமாக் கடிதமே எழுதி வைத்துவிட்டாள்.

அதைக் கொடுக்கப் போகும் அன்று காலையில்தான் அவளுக்குப் புத்தி வந்தது. கடை மாவைக் கொட்டிவிட்டு, காலி டப்பாவைக் கழுவித் துடைத்து, தன் பொடியை அதில் நிரப்பிக்கொண்டு வந்தாள். டப்பாவைத் திறந்ததுமே கருப்பட்டி மணம் கம்மென்று வந்தது. கம்லா ஃபெபியைப் பார்த்தாள். "அச்சா!" என்றாள். உடனே கஞ்சி காய்ச்சப் போனாள்.

சைமன் கிண்ணத்தையும் வழித்து நக்கினான்.

செய்தி மேலே போனது. ராமமூர்த்தி கீழே ஓடிவந்தார். பயலின் கன்னத்தைக் கிள்ளினார். "பார்த்தியாம்மா? லேபிள் ஒட்டினா குழந்தை சாப்பிடறான்! இதுக்குத்தான் நான் தலையால அடிச்சுண்டேன்."

"ஆமா சார், லேபிள்தான் சார் காரணம்."

அந்த உற்சாகத்தில் துவாரகா பகுதியில் இருக்கும் தன் மகள் ஷ்ரேயாவுக்கு அதே மாவு டப்பா ஒன்றைக் கடையில் வாங்கிக் கொடுத்தார். பேரன் தூவென்று துப்பினான். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மனிதர் ஃபெபியின் மேஜைக்கே வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"உன் பிள்ளை மட்டும் எப்படிம்மா சாப்பிடறான்? எங்காத்துக் குழந்தை துரும்பா இளைச்சுட்டான்."

ஃபெபி மனதுக்குள் கணக்குப் போட்டாள். உள்ளதைச் சொன்னால் சைமன் பட்டினி. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பட்டினி. "டப்பாவ எங்கிட்ட தாங்க சார். கொஞ்சம் பக்குவம் பண்ணணும், அவ்வளவுதான். நாளைக்கித் தாரேன்" என்றாள்.

பேரன் சாப்பிட்டான். இன்னும் கேட்டு அழுதான்.

ராமமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மகத்தான மாவைக் குழந்தைகளோடு நிறுத்திவிடுவதா? மறு வாரமே இரண்டாவது சுற்றறிக்கை: ஊழியர் நலன் கருதி, இனி காலை பதினோரு மணிக்குக் கேண்டீனில் டீக்குப் பதிலாக மேற்படி டப்பா மாவுக் கஞ்சி வழங்கப்படும். துணைச் செயலாளர் முன்னிலையில் அருந்த வேண்டும்.

கடையிலிருந்து நேரே வந்த டப்பாக்கள். அசல் மாவு. ஐயோ, அந்த வழவழப்பை என்னவென்று சொல்வேன்! நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். ராமமூர்த்தியும் ஒரு மடக்கு குடித்தார், கண்ணை மூடினார், தொண்டைக்குள் எதையோ போராடி இறக்கினார். "பேஷ்!" என்றார். "பேஷ்! பேஷ்!" என்றோம் நாங்களும்.

ஃபெபிக்கும் ஒரு டம்ளர் வந்தது. "நீதானம்மா இதுக்கு முன்னோடி. உனக்கு ரெண்டு" என்று தன் கையாலேயே இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

கீழே சைமன் கை தட்டும் சத்தம் கேட்டது. ஃபெபி சிரித்தபடி இரண்டாவது டம்ளரைத் தூக்கினாள்.