கர்னலைப் பேண்ட் மாஸ்டராக்கிய ஊமைப்பட மாமா

ஊமைப்படத்தைப் பேச வைத்தது விஞ்ஞானம் என்று நீங்கள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், மலையாளச் சீமையில் இருக்கும் எங்கள் வலியசாலைப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். இங்கே அந்த வேலையை ஊமைப்பட மாமா தனி ஆளாகச் செய்து வந்தார். ஒரு மைக், ஒரு ஃபிளாஸ்க் காப்பி. வேறொன்றும் தேவையில்லை.

ஏதோ ஒரு ஜெர்மன் அச்சு இயந்திரத்தின் கையேட்டைப் படிப்பதற்காகக் கம்பெனி செலவில் ஜெர்மன் கற்றவர் மாமா. இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது, மொழி போகவில்லை. ஜன்னலில் வந்து உட்காரும் காக்கையை ஜெர்மனில்தான் விரட்டுவார். காக்கையும் மறுபேச்சில்லாமல் போய்விடும்.

ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் திரைப்பட சங்கம் மாதம் ஒரு படம் போடும். ஜெர்மன் ஊமைப்படம் என்றால் நடுநடுவே திரையில் வரும் எழுத்து அட்டைகளை மாமா மைக்கில் தமிழாக்கிச் சொல்வார். லேப்டாப்பை இயக்குவது நான். அட்டையில் நாலு வார்த்தை இருந்தால் மாமா நாற்பது சொல்வார். கதாநாயகி அழுதால், ஏன் அழுகிறாள் என்பதோடு அவள் மாமியார் எப்படிப்பட்டவள் என்பதும் சேர்ந்தே வரும்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, இந்த வாய் அவர் மகள் ரேவதியின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. ரேவதியும் அவளோடு வேலை பார்க்கும் பையனும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பாக்கி இருந்தது பையனின் அப்பாவுடைய சம்மதம் மட்டும்தான். அவர் கும்பகோணத்துக்காரர், ரிட்டயர்டு சுபேதார் மேஜர், சர்வீஸ் முழுக்க வடக்கே. யாரோ பட்டாளத்தைக் கிண்டல் செய்தார்கள் என்று ஒரு கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர். அன்றைக்குப் பெண் வீட்டைப் பார்க்க வந்தவர், சாயந்திரம் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுவதற்கு முன்னால் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். ரயிலுக்கு நேரம் இருந்ததால் படத்துக்குத் தானும் வருவதாகக் கிளம்பிவிட்டார்.

படம் அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தது. நூறு வருஷப் பழசு. தலைப்பைப் படித்த மாமா, வேலைக்காரியைப் பற்றிய குடும்பப் படம் என்று உறுதி சொன்னார். முதல் காட்சியிலேயே ராணுவ அணிவகுப்பு. தொப்பை பெருத்த ஒரு கர்னல் குதிரையிலிருந்து கீழே விழுந்தார். முன்வரிசையில் சுபேதார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"அப்பா ஒண்ணும் பறயாம இருந்தா மதி, அங்கிள்" என்றாள் ரேவதி என் காதருகில். அவர் வாயைத் திறக்காமலிருந்தாலே போதுமாம்.

அதற்குள் முதல் அட்டை வந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று சுபேதாரே கேட்டார். மாமா, குதிரையிலிருந்து விழுந்தவர் ஒரு பேண்ட் மாஸ்டர் என்றார். பின்னால் வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறவர்களாம். வாசிக்கிறவர்களுக்குத் துப்பாக்கி எதற்கு என்று சுபேதார் கேட்டார். அது துப்பாக்கி இல்லை, அந்த ஊர் நாகஸ்வரம் என்றார் மாமா.

படமோ மேலும் மேலும் வம்புக்குப் போனது. கர்னலின் மகளைக் காதலிக்கும் ஒரு லெப்டினன்ட், வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல், மீசையை மழித்து, பாவாடை கட்டிக்கொண்டு வேலைக்காரியாக வந்து சேர்கிறான். கர்னல் அந்த வேலைக்காரியிடமே மயங்கிவிடுகிறார். ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது பேரும் படத்தை விட்டுவிட்டு சுபேதாரின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கர்னல் மண்டியிட்டு வேலைக்காரியின் கையைப் பிடித்தார். அட்டை வந்தது. பதற்றத்தில் மாமாவுக்கு வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லே. ரெண்டு பேருக்கும் கொஞ்சம் சம்சாரம். அவ்வளவுதான்."

மலையாளம் கலந்த எங்கள் தமிழில் சம்சாரம் என்றால் பேச்சு. கும்பகோணத்தில் பெண்டாட்டி. சுபேதார் எழுந்து நின்றார். நான் படத்தை நிறுத்திவிட்டேன்.

"ஆம்பளைக்கு ஆம்பளை சம்சாரமா?"

மாமா சும்மா இருந்திருக்கலாம். "அதிலென்ன தப்பு? தெருவிலே போறவா வர்றவா எல்லாரோடயும் எனக்கு சம்சாரம் உண்டு. உங்களோடகூட கொஞ்சம் சம்சாரம் பாக்கி இருக்கு" என்றார்.

சுபேதார் பையைக் கையில் எடுத்துவிட்டார். ரேவதி ஓடிப்போய் வழியை மறித்து, இங்கே அந்த வார்த்தைக்குப் பேச்சு என்றுதான் அர்த்தம் என்று விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் உட்காரவில்லை.

"அப்போ அந்தப் பேண்ட் மாஸ்டர்?"

மாமா மைக்கைக் கீழே வைத்தார்.

"அவர் கர்னல்தான். துப்பாக்கியும் துப்பாக்கிதான். நான் சொன்னதெல்லாம் பொய். நீங்க கோச்சுண்டு போயிட்டா என் பொண்ணு என்ன ஆவாளோன்னு பயந்துட்டேன்."

சுபேதார் திரையைப் பார்த்தார். கர்னல் அங்கே இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

"எங்க கர்னலை நீங்க பாத்ததில்லை. அவருக்கு இவர் எவ்வளவோ தேவலை. மொதல்லேருந்து போடச் சொல்லுங்கோ. இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்கோ."

மறுபடி போட்டேன். மாமா உள்ளதைச் சொன்னார், கூடவே இல்லாததையும் சொன்னார். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அதிகம் சிரித்தவர் சுபேதார்தான். கடைசியில் வேலைக்காரி வேஷம் கலைந்ததும், அசடு வழிய நின்ற கர்னல் தன் மகளின் கையைப் பிடித்து லெப்டினன்டின் கையில் வைத்தார். அட்டை வந்தது. மாமா மைக்கை வாயருகே கொண்டுபோனார். குரல் வரவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தார், அப்போதும் வரவில்லை.

சுபேதார் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார்.

"புரிஞ்சுது, சம்பந்தி" என்றார்.

இப்போது மாமா மகளோடு பெங்களூரில் இருக்கிறார். எங்கள் சங்கத்தில் படத்துக்குக் கீழேயே தமிழ் எழுத்து ஓடுகிறது, ஒரு தப்பும் கிடையாது. இருந்தாலும் மாமா இல்லாமல் எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.