பரமேஸ் அக்காவின் பொட்டு

குடும்பத்தில் முதலாவதாகப் படித்து முடித்தவனை ஒரு வருடமாவது வாய் திறக்க விடக் கூடாது. என்னை விட்டார்கள்.

யுத்தத்தால் பெற்றோல் வராத காலம். யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய றோட்டில் ஆமியின் ஹெலி வந்து சுட்டால் ஒதுங்க இடமில்லை. ஆகவே பண்டத்தரிப்பிலிருந்து உடுவில்வரை சின்னச் சந்துகளான ஒழுங்கைகளைத் தொடுத்து ஒரு சைக்கிள் பாதை அமைக்கச் சங்கம் தொடங்கினேன். தலைவரும் நானே. (மற்றவர்கள் தேத்தண்ணிக்காகச் சேர்ந்தவர்கள்.)

எல்லா ஒழுங்கைகளும் தொடுபட்டுவிட்டன. குறுக்கே நின்றது பரமேஸ் அக்காவின் தென்னோலைக் கிடுகு வேலி மட்டுந்தான். புருஷனை இழந்து, தனியாகத் தோட்டம் செய்துகொண்டிருந்தவர். காணிக்குள்ளால் வழிவிட அரைமனம் வந்து, சங்கக் கூட்டத்துக்கும் வந்திருந்தார்.

வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியை எங்கள் பக்கம் பொட்டு என்போம். நெற்றியில் வைப்பதும் பொட்டுத்தான். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பட்டதாரிக்கு அது நினைவில் இல்லை. பேச்சு எடுப்பாக இருக்கட்டும் என்று 'வேலியிலை' என்ற சொல்லை வெட்டிவிட்டு முழங்கினேன்:

"பரமேஸ் அக்கா ஒரு பொட்டு வைக்கச் சம்மதிச்சால், ஊர் இளைஞர் எல்லாரும் பயனடைவம்!"

பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவனுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

அக்கா எழும்பினார். "என்ரை நெத்தியிலை என்ன வைக்கிறதெண்டு உங்கடை சங்கமோ தீர்மானிக்கிறது?"

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். மகான் விளக்கம் கொடுத்தேன்!

"அக்கா, சொல்லிலை பிழையில்லை. கேக்கிறவையின்ரை மனசிலைதான்..."

"ஓ, அப்ப என்ரை மனசுதான் ஊத்தையோ?"

"இல்லையக்கா, அகராதிப்படி..."

என் அண்ணை சேர்ட்டில் பிடித்து இழுத்து என்னை இருத்தினார். "வாயைப் பொத்தடா! அகராதியின்ரை புருஷனோ செத்தது?"

மறுநாள் அந்த வேலிக்கு முள்ளுக்கம்பி ஏறியது. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது நாயை அவிழ்த்துவிட்டார். பாதை அந்த ஒரு காணியோடு அறுந்தது. சனம் அந்த இடத்தில் பெரிய றோட்டுக்கு ஏறி, வானத்தை அண்ணாந்து பார்த்தபடி உழக்கிப்போய், மறுபடி ஒழுங்கைக்குள் இறங்கியது. ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுவார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, "எங்கடை படிச்சவர்" என்பார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்காகவே நான் சைக்கிளை விட்டு நடந்து திரிந்தேன்.

இப்போதும் எங்கள் வீட்டுக் கலியாணங்களில் வாசலில் பன்னீர்ச் செம்பு மட்டும்தான் எனக்கு. குங்குமத்தின் பக்கம் கை போனால் என் மனுசி கத்துவா:

"அதை அவரிட்டைக் குடுக்காதேங்கோ! உள்ள றோட்டும் அடைபட்டுப்போம்!"