மவுஸின் அடியில் சந்தனம்

ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இருக்கிற திமிர், அதைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட இருந்திருக்காது. அந்தத் திமிரில்தான் அப்பாவின் செத்தவீட்டில், "அக்காவுக்கு வீடியோவில காட்டுறது என்ரை பொறுப்பு" என்று சொன்னேன்.

அக்கா கனடாவில். விசா கிடைக்கவில்லை. பெட்டி மூடுவதற்குள் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டாள். உரும்பிராய் வீட்டு விறாந்தையில், அப்பாவின் தலைமாட்டருகே என் பழைய கம்ப்யூட்டரை வைத்தேன்.

"ஒருக்காப் போட்டுப் பாத்தனியோ?" என்று சித்தப்பா கேட்டார்.

"அது தானா எல்லாம் திறக்கும்" என்றேன். (திறந்தது. அதுவரை சரி.)

சொன்ன நேரத்துக்கு அழைப்பு வந்தது. திரையில் அக்காவின் பெயர். பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டியதுதான், அம்புக்குறி அசையவில்லை.

வயர்தான் லூசாகியிருக்கும் என்று மேசைக்கு அடியில் புகுந்தேன். கழற்றினேன், ஊதினேன், வேறு ஓட்டையில் மாட்டினேன். (கீபோர்டாலும் எடுக்கலாம் என்பது என் ஆறு மாதப் படிப்பில் வரவில்லை.) வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களை மாமி கட்டிக்கொண்டார்.

"ஐயோ தம்பி, அழாதையடா!"

"அழேல்லை மாமி, மவுஸ் வேலை செய்யுதில்லை. காலை விடுங்கோ!"

"எல்லாரும் ஒருநாள் போறதுதானே" என்று இன்னும் இறுக்கினார்.

அழைப்பு மூன்று முறை வந்து நின்றது. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டேன். அது எழும்பி வருவதற்குள் சித்தப்பாவின் குரல் கேட்டது: "குருக்களையா இனிப் பொறுக்கமாட்டாராம். மூடுறம் தம்பி." பெட்டி மூடும் சத்தம் கேட்டபோது நான் மேசையடியில்தான் இருந்தேன். அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை நானும் பார்க்கவில்லை. மாமி பிடித்திருந்த காலோடு அப்போதுதான் அழுதேன்.

சுடலையால் வந்து மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். அடியில், வெளிச்சம் வரும் துளையை அடைத்துக்கொண்டு காய்ந்த சந்தனம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முந்தி, சரஸ்வதி பூசைக்கு அப்பா வைத்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை நான் தொடவேயில்லை. முந்தைய வருடம் மவுஸின் மேல் வைத்ததற்கு, கையெல்லாம் ஒட்டுகிறது என்று அவரை ஏசியிருந்தேன். என் கை படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார், பாவம். அவருடைய விரல் ரேகைகூட அதில் தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் மோட்டர் நின்றாலும் ஃபான் நின்றாலும், "அடியில சந்தனம் இருக்கோ பாருங்கோ" என்பார்கள். போனில் இருக்கும் அக்காதான் பெரிதாகச் சிரிப்பாள்.

போன வருடம் ஒருவழியாக வந்தாள். பெட்டிகளை இறக்க முந்தியே, "அந்த மவுஸை எடடா" என்றாள். நான் சுரண்டாமல் வைத்திருந்த சந்தனத்தில் தன் விரலை வைத்தாள்.

"அப்பான்ரை விரல் இவ்வளவு பெரிசோ?" என்றாள். கனநேரம் விரலை எடுக்கவில்லை.