முழங்கை வரைக்கும் சரக்கு

கடத்தூரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் இருந்த எந்தப் பெண்ணின் மணிக்கட்டு அளவையும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். என் அப்பாவைப் பெற்ற ஆயா. வெள்ளைக்காரன் நிலத்தைத்தான் அளந்தான். எங்கள் பக்கத்துக் கைகளை அளந்து முடித்தது இவள். பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முழங்கை ஆயா என்றால் சந்தைக்கு வந்த மாடுகூடத் திரும்பிப் பார்க்கும்.

ஆயா கண்ணாடி வளையல் விற்றாள். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். ஆயா தாலியறுத்தவள். தாத்தாதான் வளையல்காரர். அவர் காலராவில் போனபோது மிஞ்சியது ஒரு தகரப் பெட்டியும் சின்னப் பையனாக இருந்த என் அப்பாவும்தான். வளையல் போடவே கூடாதவள் வளையல் விற்பதா என்று ஊர் வாயைப் பிளந்தது. ஆயாவுக்கு வேறு தொழில் தெரியாது. பெட்டியில் இருந்ததை இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிமறித்தார். தாலியறுத்தவள் இப்படிக் கை நிறையப் போட்டுக்கொண்டு போகலாமா என்றார்.

"போட்டுக்கலீங்க சாமி. இது சரக்கு," என்றாள் ஆயா. "மூட்டைக்காரரு தோள்ல சுமக்கறாரு, நான் கையில சுமக்கறேன். உங்க வூட்டம்மாவுக்கு ரெண்டே கால் அளவு. ஒரு டசன் எடுத்து வெக்கட்டுங்களா?"

பெரியவர் வாங்கிக்கொண்டு போனார். எதற்காக வழிமறித்தோம் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம்.

சொன்ன சொல்லுக்கு ஆயா நாணயமாகத்தான் இருந்தாள். சாயங்காலம் வாசற்படி ஏறுமுன் விற்காத வளையல் அத்தனையும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள். சந்தையில்லாத நாளில் ஒன்றைக்கூட மாட்டிப் பார்த்தது கிடையாது. கல்யாணப் பெண் வந்தால், முதல் வளையலை நீங்களே போடுங்கள் என்று பெண்ணின் அம்மாவிடம் கொடுப்பாள். அந்த அம்மா எலும்பை நெரித்து, இரண்டை உடைத்து, பெண் அலறிய பிறகு கை தானாக ஆயாவிடம் வந்து சேரும். ஆயா அதை மடியில் வைத்துப் பிசைந்து, வரப்போகிற மாமியார் எப்படி என்று விசாரித்துக்கொண்டே டசனையும் ஏற்றிவிடுவாள்.

உலகச் சண்டைக் காலத்தில், எனக்கு ஏழு வயது இருக்கும்போது, அப்பா விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். அம்மாவுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. காரியத்தன்று அம்மாவின் வளையல்களை உடைக்க உறவுக்காரப் பெண்கள் கையைப் பிடித்தார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் கிடந்த ஆயா எழுந்து வந்தாள். போட்டது நான், கழற்றுவதும் நான்தான் என்றாள். சோப்புத் தண்ணீரில் கையை நனைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை. உடைப்பதுதானே முறை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். உடைத்தால் சரக்கு நட்டம் என்று சொல்லிவிட்டு ஆயா பெட்டியை மூடினாள்.

அதற்குப் பிறகு அம்மா வாசலுக்கே வரவில்லை. எனக்குச் சோறு போடும் நேரம் தவிர, கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். மூன்று மாதம் பொறுத்தாள் ஆயா. ஒரு சந்தை நாள் காலையில் பெட்டியைத் தூக்கி அம்மா முன்னால் வைத்தாள்.

"என் கையில எடமில்ல புள்ள. சரக்கு ஏறிப்போச்சு. கையை நீட்டு."

"வேணாங்கத்தே. ஊரு என்ன பேசும்?"

"வளவி நல்லா இருக்குதுன்னு பேசும். அழாத. சந்தைக்குப் போற ஆளு அழக்கூடாது."

நாலு கையிலும் சரக்கோடு இருவரும் கிளம்பினார்கள். அதே பெரியவர் எதிரில் வந்தார். ஆயா வாயைத் திறக்கும் முன்பே, "தெரியும் தாயி, சரக்கு. போங்க," என்று ஒதுங்கிக்கொண்டார்.

அம்மாவும் சுமாராக விற்கப் பழகிவிட்டாள். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்டது. அது போதாதா எனக்கு?

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் ஆயா போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டிக் கிடத்தியதும் அம்மா தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். விறைத்துக் கிடந்த கையை மடியில் வைத்து, ஆயா செய்வது போலவே பிசைந்து பிசைந்து, முழங்கை வரைக்கும் ஏற்றினாள். பிறகு அடுத்த கை. இது முறையில்லையே என்று பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "போட்டுக்கலீங்க. சரக்கு. போற எடத்துல வித்துக்குவாங்க," என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த வளையல்களை யாரும் கழற்றவில்லை.