பணயக்கைதி எடுத்த அட்டெண்டன்ஸ்

கே.கே. நகர், திருச்சி
12-2-1987

அன்பு மகன் கிளமென்டுக்கு அப்பா தைரியராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை. அதன் காரணத்தைத்தான் எழுதப்போகிறேன்.

போலீஸ் சிறப்புப் படைக்குத் தேர்வான பிறகு ஒரே ஒரு தடவை லீவில் வந்தாயே, அப்போது என்னிடம் ஒன்று கேட்டாய். “முகத்தை மூடிக்கிட்டு வந்தா என்னைய அடையாளம் தெரியுமாப்பா?” நான் சிரித்தேன். கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டே, முதுகுக்குப் பின்னால் எந்தப் பையன் கடலை தின்கிறான் என்று சொன்னவன் நான். “உன் நடை ஒண்ணு போதும்டா” என்றேன். அந்தக் கேள்விக்குப் போன வியாழக்கிழமை பரீட்சை வந்துவிட்டது.

அதற்கு முந்தின நாள் பென்ஷனர் சங்கத்துக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் அவருடைய ஆட்களுக்குப் பயிற்சியாம். உள்ளே சிக்கிக்கொண்ட பணயக்கைதிகளாக இருக்க வயதானவர்கள் வேண்டுமாம். “வாலிபப் பசங்களை மீட்டுப் பழகி என்னங்க பிரயோஜனம்? அவங்க எந்திரிச்சு ஓடிருவாங்க” என்றார். எந்தப் படை என்று கேட்டேன். உன் படைதான். யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். “சொல்லக்கூடாதுங்க சார்.” அது போதாதா எனக்கு? முதல் ஆளாகக் கை தூக்கினேன். அடுத்துத் தூக்கியவர் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீரங்கத்து சௌரிராஜன். “பன்னெண்டுக்குள்ள மீட்டுடுவேளோல்லியோ? ஆத்துல தளிகை ஆறிப்போயிடும்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். உன் அம்மா அன்று மாலையே முறுக்கு சுட்டு, மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். “இளைச்சிருக்கானான்னு மட்டும் பார்த்துட்டு வாங்க.”

எங்களைக் கட்டிப்போட்ட கெட்டவர்கள் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஒருவர் என்னிடம் படித்தவர், கயிற்றை இறுக்கிவிட்டு “வலிக்குதுங்களா சார்?” என்று கேட்டார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் தெரிந்தது. நீ எழுதியிருந்ததை எல்லாம் அங்கே கண்ணால் பார்த்தேன். நான்கு முகமூடிகள் சத்தமில்லாமல் சுவரோரம் வந்து நின்றன. பின்னால் நிற்பவன் முன்னவன் தோளை அழுத்தினால் ‘நான் இருக்கிறேன்’ என்று பொருள். ஒருவன் பார்வை இடப்பக்கம், அடுத்தவன் வலப்பக்கம். பரீட்சை ஹாலில் இரண்டு வாத்தியார்கள் பெஞ்சுகளைப் பங்கு போட்டுக்கொள்வது மாதிரிதான். இடது காலைச் சற்று இழுத்து நடப்பாயே, அதைத் தேடினேன். ஒருவனும் இழுக்கவில்லை. உன் நடையைக்கூடப் பயிற்சியில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாய் அதன் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. வகுப்பில் கூப்பிடுகிற குரலிலேயே “டி. கிளமென்ட்!” என்று அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டேன்.

கெட்டவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று சொல்லி, பயிற்சி விதிப்படி வெற்றுத் தோட்டாவால் நான்கு பேரையும் சுட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். “சார், உங்களைக் காப்பாத்த வந்தவங்களை நீங்களே கொன்னுட்டீங்களே!”

“ஓய், மணி பதினொண்ணரை” என்றார் சௌரிராஜன்.

ஒருவன்கூட ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லவில்லை. படைக்கு ஆள் எடுக்கும்போது, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறியவனையும் கடைசியில் சீண்டிப் பார்ப்பார்கள், வாய் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். பெற்ற அப்பன் கூப்பிட்டும் வாய் திறக்காதவனைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது. கோபமும் வந்தது.

மறுபடியும் வந்தார்கள். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். யார் நல்லவன் என்று தெரியும்வரை உள்ளே இருக்கிற எல்லோருமே சந்தேகப்பட வேண்டியவர்களாம். அதனால் எங்களையும் குப்புறப் போட்டுச் சோதித்தார்கள். இடுப்பு பிடித்ததும், வயிற்றுக்கடியில் முறுக்கு நொறுங்கியதும் அப்போதுதான். பிறகு கட்டை அவிழ்த்து ஒருவன் என்னைத் தோளில் தூக்கினான். வாசல் தாண்டும்போது நிலையில் என் தலை இடிக்காதபடி உள்ளங்கையைக் கொடுத்தான். நம் பழைய வீட்டுச் சமையற்கட்டு நிலையில், வளர்ந்துகொண்டே போன உன் தலைக்கு நான் கொடுப்பேனே, அதே மாதிரி. நீதான்! மஞ்சள் பையை அவன் கவசத்துக்குள் திணித்து, “அம்மா கொடுத்தா” என்றேன். அவன் என் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு ஓடிப்போனான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். “இளைச்சிருக்கானா?”

“அடியே சகாயம், மேலெல்லாம் கவசம், எப்படித் தெரியும்?”

“முகம்?”

“கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுச்சு.”

“கண்ணு இளைச்சிருந்துச்சா?”

இல்லை என்றேன். அன்று வெகு நாளைக்குப் பிறகு இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

வேளாங்கண்ணி மாதா உனக்கு முன்னாலும், தோளை அழுத்தும் தோழன் உனக்குப் பின்னாலும் இருக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
தைரியராஜ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். துவைத்து மடித்த மஞ்சள் பையை நீட்டினார். “கிளமென்ட் இந்தத் தடவை வரவே இல்லைங்க சார். கணுக்கால் சுளுக்கி கேம்ப்ல கிடக்கான். அன்னைக்கே சொல்ல மனசு வரலை.” என்னைத் தூக்கியவன் யார் என்று கேட்டேன். “சொல்லக்கூடாதுங்க சார். முறுக்கு நல்லா இருந்துச்சாம், உப்புதான் கொஞ்சம் தூக்கலாம்.” அந்த உள்ளங்கை பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதாம். சௌரிராஜன் தலைக்கும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா பையை வாங்கிக்கொண்டாள். பிறகு, “அவன் அம்மா எம்புட்டு உப்பு போடுவாளாம்? கேட்டுச் சொல்லச் சொல்லுங்க” என்று மாவு எடுக்க உள்ளே போனாள். ஆகவே மேலே எழுதியதில் உனக்கானது அந்த உள்ளங்கை ஒன்றுதான் மிச்சம். கால் சரியானதும், பயிற்சியில் யாராவது ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவாய் அல்லவா? தாண்டிய பிறகும் அந்தக் கையை அவர் தலையிலிருந்து உடனே எடுக்காமல் ஒரு நொடி வைத்திருந்து பார்.